மதர்போர்ட் போனால் விண்டோஸும் போகவேண்டுமா?

மழைக்காலம் முடியும் தறுவாயில் என் மேசைக் கணினி உறையத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை. பிறகு ஒரே நாளில் நான்கைந்து தடவை. மவுஸ் அப்படியே நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வேறு வழியிருக்காது. பின்பக்கத்து யூஎஸ்பி துளைகளில் இரண்டு வேலை செய்யவில்லை. இன்டர்நெட் வயர் செருகியிருந்தும் நெட்வேர்க் கார்ட்டே இல்லை என்று சில நாட்களில் காட்டியது.

யாழ்ப்பாண நகரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் இருந்த தம்பி பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர்ட் போகுது அக்கா. வேற போர்ட் போடலாம். ஆனா விண்டோஸ் புதுசாத்தான் போடவேணும். உங்கட ஃபைல் எல்லாத்தையும் கொப்பி எடுத்து வச்சிட்டு ஃபோர்மட் பண்ணித் தாறன். பின்னேரம் வந்து எடுங்கோ."

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. கணினி திருத்துபவர்கள் இருபது வருடமாகச் சொல்லிவரும் பதில் அதுதான். ஆனால் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நான் பதிவுசெய்த நேர்காணல்கள் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. அதில் பேசிய அம்மாக்கள் சிலர் இப்போது உயிருடன் இல்லை. வேறு சிலர் தங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்ற உறுதிமொழியின் பேரில்தான் பேசினார்கள். அந்த ஃபைல்களை இன்னொருவர் திறந்து கொப்பி எடுப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நான் கொடுத்த வாக்கை மீறுவதாகும்.

இரண்டாவது காரணம் சாதாரணமானது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய எழுத்துப்படிகள், அவற்றைத் திறக்கத் தேவையான எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு, நிறுவும் சீடி தொலைந்துபோன ஒரு பக்கவடிவமைப்பு மென்பொருள் எல்லாம் அந்த விண்டோஸுக்குள் இருந்தன. ஃபைல்களைக் கொப்பி எடுக்கலாம். பத்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பழக்கிய ஒரு வேலைமேசையை அப்படிக் கொப்பி எடுக்க முடியாது.

டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, போர்ட்டை மட்டும் மாற்றினேன். விண்டோஸை மறுபடி நிறுவவில்லை. அதே கணினியில்தான் இதைத் தட்டுகிறேன். செய்தது என்ன, எங்கே தடுக்கியது என்பதை இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

ஃபோர்மட் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் அது சரியான பதில். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவிய நாளில் எந்த போர்ட் இருந்ததோ அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். வேறு சிப்செட் உள்ள போர்ட்டில் அதே டிஸ்க்கைச் செருகினால் நீலத்திரைதான். விண்டோஸ் 7இலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. டிஸ்க்கைப் படிக்கும் ட்ரைவர்களில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது செயலிழக்கச் செய்துவிடும். புதிய போர்ட் வேறு முறையில் டிஸ்க்கோடு பேசினால், விண்டோஸ் தன் சொந்த டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும்.

விண்டோஸ் 10, 11 இரண்டும் அப்படியல்ல. புதிய வன்பொருளைக் கண்டால், முதல் தடவை எழும்பும்போதே சாதனங்களைத் தயார்செய்வதாக ஒரு வரியைக் காட்டி, வேண்டிய ட்ரைவர்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும். டிஸ்க்கோடு பேசும் பொதுவான முறைகளான ஏஎச்சிஐ, என்விஎம்ஈ ஆகியவற்றுக்கான ட்ரைவர்கள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே பெரும்பாலான நேரங்களில் டிஸ்க்கைப் புதிய போர்ட்டில் செருகினால் அது எழும்பிவிடும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. அங்கே ட்ரைவர்கள் பெரும்பாலும் கேர்னலோடு சேர்ந்தே வருகின்றன.

இன்று மறித்து நிற்பவை வேறு மூன்று: டிஸ்க்கின் குறியாக்கம், பயோஸ் அமைப்பு, விண்டோஸ் அனுமதி. மூன்றுக்கும் போர்ட்டைக் கழற்ற முன்னரே தயாராகலாம்.

உண்மையிலேயே போர்ட்தானா?

காசு கொடுக்க முன்னர் இதை உறுதிசெய்யுங்கள். உறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மதர்போர்ட்தான் செலவு கூடியது.

முதலில் ரெம். இரண்டு ரெம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓடவிடுங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள், துளையையும் மாற்றுங்கள். பொன்னிறத் தொடுகைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்தாலே சில கணினிகள் சரியாகிவிடும். அடுத்து பவர் சப்ளை. தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரம் திடீரென்று போய்த் திடீரென்று வரும்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அதுதான். நேரமும் திகதியும் அடிக்கடி பின்னுக்குப் போனால், போர்ட்டில் இருக்கும் காசுவடிவ பற்றரியை, அதாவது சீஆர் 2032ஐ, மாற்றிப் பாருங்கள். அது எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்க்கவேண்டும். சாகப்போகும் டிஸ்க்கும் கணினியை உறையவைக்கும். அந்த டிஸ்க்கைப் புதிய போர்ட்டில் போட்டு எந்தப் பயனும் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் என் போர்ட்டை டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கத்துத் துளைகளைச் சுற்றி உலோகம் துருப்பிடித்து, பக்கத்தில் பச்சை படர்ந்திருந்தது. என் வீடு பருத்தித்துறையில், கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதுபோல் போர்ட்டையும் தின்றிருந்தது. பழைய போர்ட்களில் தலை வீங்கிய கெப்பாசிட்டர்களும் இதேபோல் கண்ணுக்குத் தெரியும் அடையாளம்.

கழற்ற முன்னர்

போர்ட் அரைகுறையாகவேனும் உயிரோடு இருக்கும் நாட்கள் பெறுமதியானவை. அந்த நாட்களில் இவற்றைச் செய்துவிடுங்கள்.

ஒன்று, முழு டிஸ்க்கையும் வேறொரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதையும் செய்யவேண்டாம்.

இரண்டு, பிட்லொக்கர் மீட்புச்சாவி. உங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் இரகசியத்தை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி காத்துக்கொண்டிருக்கும். அது போர்ட்டில் தனிச் சிப்பாகவோ, புரொசெசரோடு சேர்ந்து இயங்கும் ஒன்றாகவோ இருக்கும். போர்ட் மாறினால் அந்தக் காவலாளியும் மாறுகிறார். புதிய காவலாளிக்கு உங்களைத் தெரியாது. அப்போது 48 இலக்க மீட்புச்சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால், மைக்ரோசொஃப்ட் உட்பட எவராலும் டிஸ்க்கைத் திறந்துதர முடியாது.

"நான் பிட்லொக்கர் போடவில்லையே" என்று நினைக்கவேண்டாம். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லெப்டொப்கள் பலவற்றில், விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்தாலும், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கியிருக்கும். செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். இயங்கியிருந்தால் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் கடதாசியில் எழுதி, கணினி இல்லாத ஓர் இடத்தில் வையுங்கள். நான் நேர்காணல்களுக்காகவே பிட்லொக்கர் போட்டிருந்தேன். சாவி ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

மூன்று, கடவுச்சொல். தினமும் நான்கு இலக்க பின் நம்பரால் உள்ளே போகிறவர்கள் உண்மையான கடவுச்சொல்லை மறந்துவிடுவது வழக்கம். பின் நம்பரும் டிபிஎம்மோடு கட்டப்பட்டது. போர்ட் மாறினால் அது வேலைசெய்யாது. கழற்ற முன்னர் ஒருதடவை கடவுச்சொல்லால் உள்ளே போய்ப் பாருங்கள்.

நான்கு, விண்டோஸ் அனுமதியை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணையுங்கள். செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் லைசன்ஸ் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருப்பதாக வரி இருக்கவேண்டும்.

ஐந்து, புதிய போர்ட்டின் நெட்வேர்க் ட்ரைவரை அதன் நிறுவன இணையத்தளத்திலிருந்து பென்ட்ரைவில் எடுத்துவையுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் மற்ற ட்ரைவர்களும் வராது, அனுமதியும் புதுப்பிக்கப்படாது. அது கிடைக்காவிட்டால் ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் செய்யலாம்.

கடைசியாக, பழைய பயோஸில் டிஸ்க் சம்பந்தமான பக்கங்களையும், பெட்டிக்குள் வயர்கள் செருகியிருக்கும் விதத்தையும் ஃபோனில் படம் எடுங்கள். பவர் பட்டனிலிருந்து வரும் அந்தச் சின்ன வயர்கள்தான் பிறகு தலையிடி தரும்.

எந்த போர்ட்?

அதே மாதிரி போர்ட் கிடைத்தால் அதைப்போல் நல்லது வேறில்லை. ஆனால் சில வருடம் பழைய போர்ட்களைப் புதிதாக வாங்குவது கடினம். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகும் நண்பர்களிடம் சொல்லிவைப்பது அல்லது பாவித்தது தேடுவதுதான் வழி. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தொட்ட பிறகு, புரொசெசர், ரெம், போர்ட் மூன்றையும் சேர்த்து மாற்றுவது என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளருக்குக் கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. ஆகவே கையில் இருக்கும் புரொசெசருக்கும் ரெம்முக்கும் பொருந்தும் போர்ட்டைத்தான் தேடவேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. என்னுடையது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5. அதன் சொக்கட் எல்ஜிஏ 1151. முதலில் எனக்குக் காட்டப்பட்ட எச்110 போர்ட்டின் சொக்கட்டும் 1151தான். புரொசெசர் அதில் அழகாக உட்காரும், ஆனால் இயங்காது. எச்110 ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கானது. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை வேண்டும். அதிலும் ஒன்பதாம் தலைமுறை என்றால் பயோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கவேண்டும். சொக்கட் எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், போர்ட் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் புரொசெசரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரெம்முக்கும் அப்படித்தான். டிடிஆர் 3, டிடிஆர் 4 இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றதன் துளையில் அழுத்திச் செருகப்போய் உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பாவித்த எச்310 ஒன்று கிடைத்தது. வேறு நிறுவனத் தயாரிப்பு, ஆனால் அதே சிப்செட்.

மாற்றிய நாள்

டிஸ்க் இல்லாத பெட்டியைத்தான் கடைக்குக் கொண்டுபோனேன். போர்ட்டைப் பொருத்தி, பயோஸ் திரை வருகிறதா, ரெம் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துத் தரும்படி கேட்டேன். அதற்கு டிஸ்க் தேவையில்லை. தம்பி சிரித்தார். "வீட்டை போய் நீலத்திரை வந்தா எனக்குக் கோல் எடுங்கோ அக்கா" என்றார்.

வீட்டில் டிஸ்க்கைச் செருக முன்னர் பயோஸுக்குள் போனேன். நான்கு விஷயங்களைச் சரிபார்த்தேன். திகதி, நேரம் சரியா? தவறான திகதியோடு போனால் இணையத்தளங்கள் திறக்காது, அனுமதியும் புதுப்பிக்கப்படாது. டிஸ்க் முறை பழைய போர்ட்டில் இருந்ததுபோல் ஏஎச்சிஐயா? பூட் முறை யூஈஎஃப்ஐயா? இன்டெல் போர்ட்டில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அழைக்கப்படும் டிபிஎம் இயங்குகிறதா? பாவித்த போர்ட்டில் அது நிறுத்தப்பட்டிருந்தது. இயக்கிவிட்டேன்.

டிஸ்க்கைச் செருகி, விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவுசெய்து, பட்டனை அழுத்தினேன். வந்தது நீலத்திரைதான். ஆனால் பிழைச் செய்தி அல்ல. பிட்லொக்கர் சாவி கேட்கும் திரை. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நான் 2019இல் எழுதிய எண்களில் ஒன்று ஏழா ஒன்றா என்று தெளிவில்லை. முதலில் ஒன்று போட்டேன், ஏற்கவில்லை. ஏழு போட்டேன். திறந்தது.

பிறகு சாதனங்களைத் தயார்செய்வதாக ஒரு வரி. சதவீதம் ஏறியது. ஒருதடவை தானே நிறுத்தி மறுபடி எழும்பியது. பின் நம்பர் வேலைசெய்யவில்லை, கடவுச்சொல் வேலைசெய்தது. என் மேசை, என் எழுத்துருக்கள், திறந்தபடி விட்டிருந்த குறிப்புகள் எல்லாம் போட்ட இடத்தில் இருந்தன.

எழும்பாவிட்டால்

என்னுடையது எழும்பியது. எழும்பாமல் போகும் நேரங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்.

பூட் டிஸ்க்கே இல்லை என்று வந்தால், பூட் முறை பொருந்தவில்லை. விண்டோஸ் 7 காலத்தில் நிறுவி, பிறகு 10க்கு உயர்த்திய கணினிகள் பல பழைய எம்பிஆர் முறையில் இருக்கும். அவற்றுக்குப் பயோஸில் சிஎஸ்எம் அல்லது லெகசி என்பதை இயக்கவேண்டும். மிகப் புதிய போர்ட்களில் அந்த வசதியே இல்லாமல் இருக்கலாம். அப்போது டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றவேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, தரவை அழிக்காமல் இதைச் செய்யும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு வருகிறது. பழைய போர்ட் ஓடும்போதே இதைச் செய்துவிடுவது நிம்மதி.

இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்ற நீலத்திரை வந்தால், டிஸ்க் முறை பொருந்தவில்லை. பழையதில் ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி, புதியதில் ஏஎச்சிஐ, அல்லது மறுதலையாக. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பும் இதே வேலையைக் காட்டும். முதலில் பழைய முறையையே பயோஸில் தெரிவுசெய்து பாருங்கள். இல்லாவிட்டால் சேஃப் மோடில் ஒருதடவை எழுப்புங்கள். தேவையான ட்ரைவரை விண்டோஸ் அப்போது சேர்த்துக்கொள்ளும். அடுத்த தடவை வழமைபோல் எழும்பும். தொடர்ந்து சில தடவைகள் எழும்பத் தவறினால் மீட்புத் திரை தானாக வரும். சேஃப் மோடுக்குப் போகும் வழி அதற்குள் இருக்கிறது.

அனுமதி என்ற சிக்கல்

விண்டோஸ் தன் டிஜிட்டல் லைசன்ஸை முக்கியமாக மதர்போர்ட்டை வைத்தே அடையாளம் காண்கிறது. அது மாறினால், இது வேறு கணினி என்று எடுத்துக்கொள்ளும். எனக்கும் அனுமதி இல்லை என்ற செய்தி வந்தது. அக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்சூட் அழுத்தி, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவைக் கொடுத்து, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனதும் சரியாகிவிட்டது. முன்கூட்டியே கணக்கோடு இணைத்திருந்ததன் பலன் அது.

இது எல்லோருக்கும் நடக்காது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் அனுமதியைப் புதிய போர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். கணினியோடு சேர்ந்து வரும் ஓஈஎம் அனுமதி அந்த போர்ட்டோடு கட்டப்பட்டது. அப்படியானால் புதிய அனுமதி வாங்க நேரலாம். அதுவரை விண்டோஸ் ஓடும். மூலையில் ஒரு வாசகம் தெரியும், பின்னணிப் படத்தை மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஃபைல்களுக்கு எதுவும் ஆகாது.

ஃபோர்மட் செய்து இலவசமாகப் போட்டுத் தரப்படும் விண்டோஸைப் பற்றியும் சொல்லவேண்டும். அது அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். உடைக்கப்பட்ட விண்டோஸோடு வேறென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பிறருடைய இரகசியங்களைக் காப்பவர்கள் அந்தக் கணினியில் வேலைசெய்யக்கூடாது.

பிறகு செய்யவேண்டியவை

போர்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட், ஒலி ட்ரைவர்களைப் போடுங்கள். பழைய போர்ட்டின் மென்பொருள்களை நீக்குங்கள். புதிய பின் நம்பர் உருவாக்குங்கள். பிட்லொக்கர் பாதுகாப்பு மறுபடி இயங்குகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த தடவைகளிலும் சாவி கேட்டுக்கொண்டே இருந்தால், பாதுகாப்பை இடைநிறுத்தி மறுபடி தொடங்கினால் புதிய டிபிஎம்மைப் பழகிக்கொள்ளும். எடுத்த பிரதியை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.

ஃபோர்மட்தான் சரி என்ற நிலைகளும் உண்டு. வைரஸ் புகுந்த விண்டோஸ், ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருந்த விண்டோஸ் ஆகியவற்றைப் புதிய போர்ட்டில் காவித் திரிவதில் அர்த்தமில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. போர்ட் மாற்றும்போது அதையும் யோசியுங்கள். லெப்டொப் என்றால், டிஸ்க் தனியாகக் கழலுமா என்று முதலில் பாருங்கள். சில மெல்லிய லெப்டொப்களில் அது போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும். போர்ட் போனால் அதுவும் சேர்ந்தே போகும். அவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பிரதி ஒன்றுதான் காப்பு.

எல்லாம் முடிந்த அன்றிரவு 2017ஆம் ஆண்டுக் கோப்புறையைத் திறந்து ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டேன். பின்னால் ஏ9 வீதியில் வாகனங்கள் போகும் சத்தம். மகன் கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறத்தை அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு நிறுத்தினேன். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்த ஏழைத் திருத்தி, 48 இலக்கங்களையும் புதிய கடதாசியில் தெளிவாக எழுதினேன். இரண்டு பிரதிகள். ஒன்று இப்போது என் தங்கையின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.